லயம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது? மலையகத்தில் நிலத்தையும் மனிதரையும் சேர்த்துப் படிக்கும் முறை

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி, தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களை மூடியது. ஏன் என்று கேட்டால் துறைக்கொரு பதில் கிடைக்கும். புவிச்சரிதவியலாளர் பழைய சரிவுப் படிவு என்பார். வளிமண்டலவியலாளர் தொடர்மழை என்பார். பொறியியலாளர் வடிகாலைக் காட்டுவார். வரலாற்றாசிரியர் தோட்டத்தின் பழைய வரைபடத்தை விரிப்பார், சட்டத்தரணி காணியுரிமையைப் பேசுவார். ஐந்து பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அவற்றை ஐந்து அத்தியாயங்களாக ஒரே அறிக்கையில் கட்டி வைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கும். அபாயமான இடம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த சரிவில், அன்று காலை அத்தனை குடும்பங்கள் ஏன் இருந்தன? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை உலுக்கியபோதும் இதே கேள்விதான் திரும்பி வந்தது.

மலையகத்தில் மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். துறைகளை அறிக்கையின் கடைசியில் ஒட்டவைப்பதால் பயனில்லை. கேள்வியைப் போடும்போதே எல்லோரும் ஒரே சரிவில் நின்று போட வேண்டும்.

லயத்தின் இருப்பிடத்தையே எடுத்துக்கொள்வோம். மத்திய மலைநாட்டின் அடிப்பாறை மிகப் பழைமையான உருமாறிய பாறை. சார்னொக்கைட், குவார்ட்சைட், கொண்டலைட் எல்லாம் பட்டை பட்டையாகச் சாய்ந்து கிடக்கின்றன. இவை ஒரே வேகத்தில் சிதைவதில்லை. குவார்ட்சைட் செங்குத்தாக நிற்கும்; அதன் காலடியில் சிதைந்த மண்ணும் உருண்ட பாறையும் காலங்காலமாக வந்து குவியும். இந்தச் சரிவுப் படிவில் மூன்று குணங்களைக் காணலாம். சுற்றியுள்ள மலையைவிடச் சாய்வு குறைவு. இடுக்குகளில் நீர் தேங்குவதால் கீழ்விளிம்பில் ஊற்று கிளம்பும். இறுக்கமில்லாத கலவை என்பதால் நீர் நிறைந்தால் மொத்தமாக நகரும்.

இப்போது தோட்டம் போட்டவரின் கண்ணால் அதே இடத்தைப் பாருங்கள். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் அரசுடைமை என்று கொள்ள வழி திறந்தது. காடு அழிந்து கோப்பி வந்தது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் பதிவானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளையெல்லாம் பின்னர் அதே தேயிலை பிடித்துக்கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளரைக் குடிவைக்க இடம் தேடியபோது நிபந்தனைகள் எளிமையானவை: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களை வரிசையாகக் கட்டுமளவுக்குச் சாய்வு குறைந்திருக்க வேண்டும், பக்கத்தில் பீலி (ஊற்றுநீரை இறக்கும் குழாய்) வைக்கத் தண்ணீர் வேண்டும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும், நல்ல தேயிலை நிலம் வீணாகக் கூடாது. சாய்வு குறைவாகவும் ஊற்று உள்ளதாகவும் இருக்கும் இடம் எது? பல மலைகளில் அது அந்தப் பழைய சரிவுப் படிவுதான். புவிச்சரிதவியலும் தோட்ட வரலாறும் ஒரே புள்ளியில் வந்து சந்திப்பது இங்கேதான். தனித்தனியாகப் படித்தால் இந்தச் சந்திப்பு கண்ணில் படாது.

நிலத்தையும் வாழ்வையும் சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கு வாழ்வனவும் விளைவனவும் கருப்பொருள், மனித ஒழுக்கம் உரிப்பொருள் என்று முன்னோர் வகுத்தனர். ஆனால் குறிஞ்சியில் தினைப்புனம் காத்தவளுக்கு அது தன் வீட்டுப் புனம். கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்த மலையில் ஒரு பேர்ச்சஸ் (ஏறத்தாழ 25 சதுர மீற்றர்) கூடச் சொந்தமில்லை. எனவே மலையக ஆய்வில் முதல், கரு, உரி மூன்றோடு உடைமை என்ற நான்காவதும் சேர வேண்டும். அது விடுபடும் ஆய்வுகள் மக்களை ‘அறியாமையால் அபாய இடத்தில் குடியிருப்பவர்கள்’ என்று எழுதி முடித்துவிடுகின்றன.

எல்லை எது?

முதல் இடறல் ஆய்வின் எல்லையிலேயே வரும். குடித்தொகைத் தரவு கிராம அலுவலர் பிரிவுப்படி கிடைக்கும். விளைச்சலும் வேலைநாளும் தோட்டத்தின் மேல்கணக்கு, பணியக்கணக்கு என்ற பிரிவுகளின்படி கிடைக்கும். தண்ணீருக்கோ இந்த இரண்டு கோடுகளும் தெரியாது. மூன்றையும் ஒன்றென எண்ணி அட்டவணை போட்டால் எல்லாமே பிழையாகும். ஒரு சிற்றோடையின் நீரேந்து பரப்பை அலகாகக் கொள்வதே நல்லது. உச்சி முதல் ஓடை ஓயாவில் (ஆற்றில்) சேரும் இடம்வரை ஒரு நாளில் நடந்து முடிக்கக்கூடிய அளவு, இரண்டு முதல் ஐந்து சதுர கிலோமீற்றர், போதும். பிறகு மற்றத் தரவுகளை இந்த எல்லைக்குள் வீடு வீடாகப் பொருத்த வேண்டும்.

குடிசன மதிப்பீட்டில் வரும் ‘தோட்டத்துறை’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 20 ஏக்கருக்குக் குறையாமல், அங்கேயே வதியும் தொழிலாளர் 10 பேராவது உள்ள பெருந்தோட்டமே அந்த வரையறைக்குள் வரும். தோட்டத்தை விட்டுப் பக்கத்துக் கிராமத்தில் வாடகைக்குக் குடியேறிய குடும்பம் அதே மலைக்கு வேலைக்கு வந்தாலும் கிராமத்துறைக் கணக்கில் சேர்ந்துவிடும். ‘தோட்ட மக்கள் குறைகிறார்கள்’ என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படிப்பட்ட இடப்பெயர்வு எவ்வளவு என்று நேரில் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

வரைபடத்தில் இன்னொரு பொறி உண்டு. பழைய ஒரு அங்குல வரைபடங்கள், 1956இன் வான்படங்கள், தோட்டத்தின் ஏக்கர், ரூட், பேர்ச்சஸ் கணக்குப் படங்கள், இன்றைய செய்மதிப் படம் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஆள்கூற்றுக் கட்டமும் புதிய கட்டமும் பீதுருதாலகாலையையே மையமாகக் கொண்டவை. ஆனால் பழையதில் அந்த மையத்தின் எண் 200,000, 200,000. புதியதில் 500,000, 500,000. இந்தக் குழப்பம் உடனே தெரிந்துவிடும், இடம் கடலுக்குப் போய்விடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத பிழை. கைப்பேசி ஜிபிஎஸ் தரும் புள்ளியைத் தளமாற்றம் (ஆள்கூற்றின் அடிப்படையை மாற்றுதல்) செய்யாமல் பழைய படத்தில் வைத்தால் நூறு மீற்றருக்கும் மேல் விலகும். சமவெளியில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மலையில் நூறு மீற்றர் என்றால் பள்ளத்து லயம் முகட்டுக்கு ஏறிவிடும், அபாய வலயத்தில் உள்ள வீடு பாதுகாப்பான வலயத்தில் விழும். கோயில், பாலம், ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) போன்ற நகராத மூன்று நான்கு இடங்களை எல்லாப் படங்களிலும் கண்டு சரிபார்த்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

மழைப் புத்தகம்

பல தோட்டங்களில் மழை அளவு நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகிறது. இது பெரும் செல்வம். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். வாசித்த நேரம் இன்னும் முக்கியம். காலையில் வாசித்த மழையின் பெரும்பகுதி முந்திய நாள் பெய்தது. ஒரு தோட்டம் அதை வாசித்த நாளின் கணக்கில் எழுதும், அடுத்த தோட்டம் முந்திய நாளின் கணக்கில் எழுதும். அதிகாலைச் சரிவு ஒன்றை ஆராயும்போது இந்த ஒருநாள் வித்தியாசம், மழைக்குப் பிறகு சரிந்ததை மழைக்கு முன்பே சரிந்ததாகக் காட்டிவிடும்.

மழையின் பருவமும் மலைக்கு மலை வேறு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் கொட்டும். அதே யூன், யூலை மாதங்களில் முகட்டுக்கு அப்பால் ஊவா காய்ந்து கிடக்கும். அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்போன மணம் ஏறுகிறது, அதே காற்றில்தான் பத்தனைப் புல்வெளியும் பைனஸ் காடும் பற்றி எரிகின்றன. ஊவாவுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர், ஜனவரிவரை வரும். தீயில் மேற்பரப்பு வெறுமையான சரிவின்மேல் சில வாரங்களில் பெருமழை விழும். ஆண்டுச் சராசரி மழையை மட்டும் வைத்து எழுதும் ஆய்வில் இந்த வரிசை தெரியாது.

கான் வெட்டாத மலை

துறைகள் ஒன்றுக்கொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காட்ட, தேயிலை மலையில் ஓடும் வடிகாலான கானைவிட நல்ல உதாரணம் இல்லை. சமவுயரக் கோட்டையொட்டி மெல்லிய சரிவோடு, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் வெட்டப்படும் குறுக்குக் கான்கள் மழைநீரைப் பிடித்துக் கல் பதித்த பெரிய கானுக்குக் கொண்டுசேர்க்கும். பெரிய கான் அதை ஓடைக்கு இறக்கும். குறுக்குக் கானில் வண்டல் நிறைந்துகொண்டே இருக்கும், அதை ஒழுங்காக வாரவேண்டும். கான் வெட்டு பெரும்பாலும் ஆண்களின் வேலை. கூலி போதாமல் இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். ஆள் குறைந்த தோட்டம் இருக்கும் ஆட்களைக் கொழுந்துக்கு விடும், ஏனென்றால் கொழுந்து இன்றைய வருமானம், கான் நாளைய செலவு. வாராத கான் இரண்டு மூன்று மழையில் தூர்ந்துவிடும். தூர்ந்த கானில் நீர் ஓடாது, நிற்கும், நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கும், மண்துளை நீரழுத்தம் ஏறும், பிடிப்புத் தளரும். கூலிப் பேச்சுவார்த்தையில் தொடங்கிய ஒன்று மண்ணியக்கவியலில் முடிகிறது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடம் ஆறு காரணிகளுக்குப் புள்ளி கொடுக்கிறது: அடிப்பாறையும் அதன் அமைப்பும், மண் மூடலின் தடிப்பு, சாய்வு, நீரும் வடிகாலும், நிலப்பயன்பாடும் அதன் பராமரிப்பும், நிலவுருவம். நூற்றில் சாய்வுக்கு 25, நிலப்பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் 15. பாறையும் சாய்வும் நம் ஆயுளில் மாறப்போவதில்லை. பராமரிப்போ ஐந்தாண்டில் தலைகீழாகும். படம் வரைந்தபோது கவ்வாத்து வெட்டி, கான் வாரி, வெற்றிடம் நிரப்பி வைத்திருந்த மலை இன்று மானாப் புல் மூடிக் கிடக்கலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது பல தேயிலை மலைகள் பச்சை குறைந்து போயின. மூடல் குறைந்த நிலத்தில் மழைத்துளி நேரே மண்ணில் அடிக்கும். எனவே பராமரிப்பு என்ற அந்த ஒரு பத்தியையாவது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்ய புவிச்சரிதவியலாளர் தேவையில்லை. தோட்டத்து வேலைநாள் கணக்கை வாசிக்கத் தெரிந்த ஒருவர் போதும்.

இங்கே துறைகளுக்கிடையே உண்மையான முரண்பாடும் இருக்கிறது. மண் பாதுகாப்பைப் பேசும் வேளாண் அறிஞர் கானுக்குள் இடையிடையே தடுப்பு வைக்கச் சொல்வார்: நீர் மெதுவாக ஊறட்டும், வண்டல் தங்கட்டும், வறட்சியில் தேயிலைக்கு ஈரம் இருக்கட்டும். சரிவுப் பொறியியலாளர் அதே மலையில் நீரை ஒரு நிமிடமும் நிறுத்தாதே என்பார். இருவரும் தத்தம் அளவில் சரி. பாறை ஆழமில்லாத உறுதியான சரிவில் முதலாமவர் சொல்வதைக் கேட்கலாம். தடித்த சரிவுப் படிவில், அதுவும் கீழே லயம் இருந்தால், இரண்டாமவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். எந்த மலைக்கு எது என்று முடிவு செய்ய இருவரும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார வேண்டும். பெரும்பாலும் அவர்களின் பரிந்துரைகள் வெவ்வேறு சுற்றறிக்கைகளாக வந்து, வெளிக்கள உத்தியோகத்தரின் மேசையில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. இது அவருக்கும் கீழே வாழ்பவருக்கும் செய்யும் அநியாயம்.

ஏன் நகரவில்லை

‘எச்சரித்தும் போகவில்லையே’ என்ற பேச்சுக்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு கரைக்கும் பங்கு போட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது, பின்பு 53 ஆண்டுக் குத்தகையானது. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயம் தோட்டத்தினுடையது. அதில் நான்கு தலைமுறையாக வாழ்பவருக்கு விற்கவோ ஈடுவைக்கவோ வேறிடத்தில் கட்டவோ ஒன்றுமில்லை. வீடு கட்டக் குடும்பத்துக்குத் தருவதாகப் பேசப்படும் 7 பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அதுவும் எந்தச் சரிவில் என்பதுதான் புவிச்சரிதவியலாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்யத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக லயத்தின் பின்னாலுள்ள கானைத் திருத்தப் பொதுப்பணம் போக வழியில்லாமல் இருந்தது என்றால், அந்தச் சரிவின் நீரியலைச் சட்ட வரலாறு இல்லாமல் எப்படி எழுதுவது?

யாரிடம் கேட்பது, எப்படி

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரே மலைக்கு ஏறக்குறைய வாரத்துக்கொரு முறை திரும்பி வருகிறார்கள்; நிரை நிரையாக, ஒவ்வொரு செடியாக. எந்தக் கருவியும் இவ்வளவு நெருக்கமாக ஒரு சரிவைப் பார்ப்பதில்லை. நிலத்தில் விரல் நுழையும் வெடிப்பு, ஒரு பக்கம் சாய்ந்த மரம், வழக்கமில்லாத இடத்தில் புது ஊற்று, திடீரென நின்றுபோன பழைய ஊற்று, நடுவில் தாழ்ந்துபோன கான், நிலைக்குள் இறுகித் திறக்க மறுக்கும் கதவு: மண்சரிவின் முன்னடையாளங்கள் என்று அதிகாரிகள் சொல்லும் பட்டியலில் பெரும்பகுதி இவர்கள் கண்ணில் தினமும் படுபவை. ‘மழையே இல்ல, பீலித் தண்ணி கலங்கி வருது’ என்பது ஒரு நீரியல் அவதானிப்பு. நாளும் நேரமும் இடமும் குறித்து அந்தச் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ‘நீரின் கலங்கல்தன்மை அதிகரிப்பு’ என்று களப் புத்தகத்திலேயே மாற்றினால் மழை இல்லாத நாள் என்ற பாதி விடயம் காணாமற்போகும்.

கேட்கும் நேரம் முக்கியம். கொழுந்து நேரத்தில் மறித்துப் பேசினால் அவருடைய நிறுவை குறையும், அன்றைய பெயரே (ஒருநாள் கூலிப் பதிவே) அரைப்பெயர் ஆகலாம். அந்தி நிறுவை முடிந்த உடனும் கூடாது. வீட்டில் உலை காத்திருக்கும். ஞாயிறு முற்பகல், அல்லது பீலிக்கரையில் ஆறுதலாக நிற்கும் பொழுது நல்லது. கங்காணியோ கணக்கப்பிள்ளையோ அழைத்துவந்த கூட்டத்தில் கிடைக்கும் பதில்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ‘உங்களுக்குப் பயமா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள்; பயம் என்று சொல்லி லயத்தை விட்டு எழுப்பிவிட்டால் போக்கிடம் எது? ‘போன பெரிய மழைக்கு இரவு எங்கே படுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். கோயிலில், பாடசாலையில், மேட்டு லயத்து அக்கா வீட்டில் என்று வரும் விடையில் எந்த வீடுகள் எவ்வளவு மழைக்கு நகர்கின்றன என்ற கணக்கே அடங்கியிருக்கும்.

ஊர்ப்பெயரையும் விடக்கூடாது. பத்தனை என்ற பெயரில் சிங்களத்தின் ‘பத்தன’ என்ற மலைப்புல்வெளி இருக்கிறது. லபுக்கலையின் ‘கலை’ சிங்களத்தில் காட்டைக் குறிக்கும் ‘கெலே’. மீரியபெத்தவின் ‘பெத்த’ புதர்க்காடு. பண்டாரவளையின் ‘வளை’ வயல். கோப்பிக்கு முன் அங்கு என்ன இருந்தது என்பதற்கு இவை சான்றுகள். தோட்டத் தமிழ்ப் பெயர்கள் அதற்கு அடுத்த அடுக்கு. இரு மொழியும் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாவிட்டால் பாதி ஆவணம் மூடியே கிடக்கும்.

வேலையின் வரிசையைச் சுருக்கமாகச் சொன்னால்: முதல் வாரம் அனைவரும் சேர்ந்து உச்சியிலிருந்து ஓடைவரை நடப்பது, தனித்தனியாகப் போகக்கூடாது. பிறகு படங்களைப் பொருத்துவது, மழைப் புத்தகத்தைப் பிரதி செய்வது, வீட்டுக்கு வீடு செல்வது. ஒரு மழைப்பருவமாவது முழுதாகப் பார்க்க வேண்டும். ஊவாவில் ஏப்ரலில் தொடங்கி ஓகஸ்டில் முடித்த ஆய்வு பெருமழைப் பருவத்தையே பார்க்காத ஆய்வு. எல்லோரும் ஒரே அட்டவணையில் எழுத வேண்டும்: வீட்டின் இலக்கம், சாய்வு, மேலே உள்ள கானின் நிலை, கண்ட வெடிப்பு, காணியின் உரித்து, பெருமழை இரவின் தங்குமிடம். வெவ்வேறு புத்தகத்தில் எழுதியவை பின்னர் ஒருபோதும் சேர்வதில்லை.

கிடைத்த முடிவு முதலில் திரும்பிப் போக வேண்டியது பிரட்டுக்களத்துக்கு. வரைபடத்தில் இலக்கங்களோடு மேட்டு லயம், கோயில் மலை என்ற பெயர்களும் தமிழில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றாலோ ஒரே மணி நேரத்தில் 75 என்றாலோ வெளியேற்றம் என்பவை நடைமுறையிலுள்ள அளவுகள். அங்குலத்தில் எண்ணிப் பழகிய தோட்டத்துக்கு இவை ஏறத்தாழ மூன்று, நான்கு, ஆறு. மழைமானியை லயத்தின் கூரையோரத்தில் வைத்தால் தாழ்வாரத் தண்ணீரும் சேரும், மரத்தடியில் வைத்தால் குறையும். பக்கத்திலுள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரத்தில் வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். காலையில் மட்டும் வாசித்தால் இரவு இரண்டு மணிக்குக் கொட்டும் மூன்று அங்குலம் விடிந்த பிறகுதான் தெரியும். ஆகவே மானியோடு ஒரு டோர்ச் லைட்டும், இரவில் முறைவைத்து வாசிக்க லயத்துக்கு இருவரும், அவர்கள் சொன்னால் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் திறந்துவிட பாடசாலையின் ஒரு சாவியும் வேண்டும்.